காய் வெந்த தண்ணீர்

எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலி மூன்றுதான். ஆள் அதிகம் வந்தால் யாராவது தரையில் உட்கார வேண்டும். அது வழக்கமாக நான்தான்.

என் மனைவி பச்சையம்மாளின் காரியம் முடிந்த மறுநாள் காலையில் அங்கே இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். அவளுடைய தம்பி மாறன், கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தவன், ஃபேனுக்கு நேர் கீழே கை வைத்த நாற்காலியில். எங்கள் ஒரே மகன் விமல்ராஜ், ஓசூரில் கம்பெனி வேலை, ஜன்னலோரத்தில் செல்போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு. பக்கத்து வீட்டுத் திரௌபதி, கட்டிலின் கால்மாட்டில். அது பச்சையம்மாள் படுத்திருந்த கட்டில், தலைமாட்டுப் பக்கம் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. வாசலை ஒட்டிய நாற்காலியில் ஹஃப்சா. ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், எந்த நோயாளி எதைச் சாப்பிடலாம் என்று சொல்லித் தருகிற வேலை அவளுக்கு. அவளுடைய அப்பா ஹபீப் முகம்மது உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரைப் பிடித்தபடி நின்றார். நான் சமையலறை வாசலில், தரையில்.

இப்படித் தொடங்குவது தொழில் பழக்கம். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவன் நான். பெயர் ராஜமாணிக்கம். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. யார் இருந்தார்கள், எங்கே இருந்தார்கள் என்று முதலில் போட்டுவிட்டால் பிற்பாடு ஒருவனும் புளுக முடியாது. இது தெரியாமல் பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட மனுவை ஒப்பாரியில் ஆரம்பிக்கிறார்கள். ஒப்பாரியை எந்த அதிகாரியும் இரண்டாவது வரிக்கு மேல் படிப்பதில்லை.

மாறனுக்கும் ஒப்பாரி நன்றாக வரும். அன்றைக்கு அவன் அதில்தான் ஆரம்பித்தான்.

"எங்க அக்கா நோவுல சாகல. டாக்டரே சொல்ட்டாரு, ரத்தத்துல பொட்டாசியம் ஜாஸ்தியாகி நெஞ்சு நின்னுப்போச்சுன்னு. அது இன்னா வானத்துல இருந்தா வந்துச்சு? சோத்துல வந்துச்சு. சோறு இன்னது துண்ணுன்னு சொன்னது யாரு? இதோ, இந்தப் பொண்ணு."

ஹஃப்சா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாறன் ஆஸ்பத்திரியில் புகார் கொடுத்துவிட்டான். திங்கட்கிழமை விசாரணை. அதற்கு முன் எங்களைக் கேட்டுவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள். குடும்பத்தார் சொல்வது நிலைத்தால் அவளுக்கு வேலை போகும். ஒரு நோயாளியைச் சாகடித்தவள் என்ற பேரோடு வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் அவளைச் சேர்க்கப் போவதில்லை.

"அண்ணா, நான் குடுத்த முறை சரியான முறைதான்," என்றாள் மாறனிடம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஐயா, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். காய் வெந்த தண்ணிய கொட்டிட்டுதானே அம்மாவுக்குக் குடுத்தீங்க?"

"கொட்டினேன்மா," என்றேன். "தினமும் கொட்டினேன். நான் கொட்டுற சத்தத்த அவளே கட்டில்ல இருந்து கேட்டிருக்கா."

நான் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. இதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் காய்கறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

காயை ஆவியில் வேகவைப்பது ஓர் ஒழுங்கு. இந்த ஊரில் அது யாருக்கும் கிடையாது. இட்லிக் குண்டானில் அடியில் கொஞ்சம் தண்ணீர், அதன் மேல் ஓட்டைத் தட்டு. தண்ணீர் காயைத் தொடக் கூடாது. கேரட்டும் பீட்ரூட்டும் முதலில், பீன்ஸ் அடுத்து, கீரை கடைசியில், மூடி திறந்து மூடுகிற நேரம்தான் கீரைக்கு. இறக்கியதும் மிளகுத்தூள், இரண்டு சொட்டு எலுமிச்சை. எண்ணெய் கிடையாது, தாளிப்பு கிடையாது. காயின் நிறம் தோட்டத்தில் இருந்ததைவிடப் பளிச்சென்று இருக்கும். காய்க்குள் இருக்கிற சத்து காய்க்குள்ளேயே இருக்கும். நான் முப்பது வயதிலிருந்து இப்படித்தான் சாப்பிடுகிறேன். இன்றுவரை ஒரு தலைவலி மாத்திரை போட்டதில்லை.

ஊர் என்ன சாப்பிடுகிறது என்று பாருங்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றுகிறார்கள். உடம்புக்கும் நல்லது, புண்ணியம் வேறு என்கிறார்கள். அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் நாலு இடத்தில் பொங்கல் வாங்கித் தின்று, இரண்டு இடத்தில் மிளகாய் பஜ்ஜி தின்று, வீட்டுக்கு வந்து சேரும்போது போனபோது இருந்ததைவிடக் கனமாக வருகிறார்கள். அதே பாதையில் வெள்ளைக்காரர்களுக்காக நடத்துகிற ஓட்டலில் அவித்த காயை மண் கிண்ணத்தில் போட்டுத் தருகிறார்கள். அதைப் போட்டோ பிடிக்க நம் ஆட்களே வரிசையில் நிற்கிறார்கள். நான் வீட்டில் செய்தால் சிரிப்பு.

சிரித்தவர்களில் முதல் ஆள் பச்சையம்மாள்.

அவள் சமையலுக்குத் தெருவே மயங்கிக் கிடந்தது. அவள் கருவாட்டுக் குழம்பு வைக்கிற நாளில் பக்கத்து வீட்டார் எங்கள் வாசலில் எதையாவது தேடுவதுபோல் நடப்பார்கள். எண்ணெய், புளி, மிளகாய் மூன்றையும் அள்ளிக் கொட்டினால் கழுதை சமைத்தாலும் ருசிக்கும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. என் தட்டை மட்டும் நான் தனியாக, கடைசியில் அடுப்பு காலியான பிறகு, செய்துகொள்வேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வாள்.

"ஏங்க, மாடு எதனா புடிச்சாந்து கட்டியிருக்கீங்களா? தீனி ரெடியா கீதே."

திரௌபதி சிரிப்பாள். விமல்ராஜ் சின்னப் பையனாக இருந்தபோதே சிரிக்கக் கற்றுக்கொண்டான். நான் பதில் சொன்னதில்லை. வருஷக்கணக்கில் சொன்னதில்லை.

பிறகு அவளுக்குச் சர்க்கரை வந்தது, பிரஷர் வந்தது, இரண்டும் சேர்ந்து கிட்னியைப் பிடித்தது. கால் வீங்கி, அடுப்படியில் நிற்க முடியாமல் கூடத்துக் கட்டிலுக்கு வந்தாள். இதில் எனக்கு வருத்தம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் கணக்காகப் பார்த்தால் இது அவளே சமைத்துக்கொண்டது. அடுப்படி என் கைக்கு வந்தது. வந்த அன்றைக்கே புளிப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஹஃப்சாவிடம் அனுப்பினார்கள். சின்னப் பெண். காலேஜ் முடித்து இரண்டு வருஷம் இருக்கும். நான் ஆவியில் வேகவைப்பதைப் பற்றிச் சொன்னேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், இல்லையென்று சொல்லவில்லை.

"ஐயா, உங்களுக்கு அது ரொம்ப நல்ல முறை," என்றாள். "அம்மாவுக்கு அது ஆகாது. காய்ல இருக்கிற பொட்டாசியத்த அவங்க கிட்னியால வெளிய தள்ள முடியாது. அதனால காய பொடியா நறுக்கி, ஊறவச்சு, நெறைய தண்ணில வேகவச்சு, அந்தத் தண்ணிய சுத்தமா கொட்டிடணும். அப்புறம்தான் குடுக்கணும். முருங்கைக்கீர, சர்க்கரவள்ளி, தக்காளி இதெல்லாம் பக்கத்துலயே வரக் கூடாது."

"அப்போ சக்கைதானேம்மா மிச்சம்?"

"நமக்குச் சக்கை. அவங்களுக்கு அதான் உசுரு."

பச்சையம்மாள் சக்கர நாற்காலியில் இருந்தபடி சிரித்தாள். "முப்பது வருசமா இவரு பேச்சுக்கு மறு பேச்சு பேச ஆள் இல்லாம இருந்துச்சு. நீ நல்லாருப்ப கண்ணு."

சொன்னபடியே செய்தேன். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். குண்டானைப் பரணில் ஏற்றிவிட்டு, முதல் மாதம் முழுக்க, நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, பச்சையும் சிவப்புமாய்ச் சத்தெல்லாம் இறங்கின தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டினேன். நல்ல பொருளைச் சாக்கடையில் விடுகிற வேலை. வெளுத்துப்போன பீன்ஸை அவளுக்குத் தட்டில் வைத்தேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றாள்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லாம் இறங்கியிருந்தது. கால் வீக்கம் வடிந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தாள். திரௌபதியைக் கூப்பிட்டு எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அந்தப் பொண்ணு கை ராசி. இவரு குண்டான மூட்டக் கட்டினதும்தான் எனக்கு உசுரு வந்துச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அவளைத் தூக்கிக் குளிப்பாட்டியது யார், அவளுக்கு நறுக்கியது யார், வேகவைத்தது யார். கை ராசி மட்டும் ஆஸ்பத்திரியில் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு.

மறுநாள் பரண்மேல் இருந்து குண்டானை இறக்கினேன். கோபத்தில் என்று சொல்ல மாட்டேன். கோபக்காரன் வேலையில் தப்பு செய்வான். நான் நிதானமாகத்தான் இருந்தேன். கேரட், பீன்ஸ், கொஞ்சம் பரங்கிக்காய், வரிசைப்படி ஆவியில் வைத்தேன். ஒரு சின்னச் சிக்கல்தான் இருந்தது. பச்சையம்மாளுக்குக் காது கூர்மை. கட்டிலில் படுத்தபடியே, எப்போது தண்ணீர் கொட்டுகிற சத்தம் வரும் என்று கவனிப்பாள். வராவிட்டால் கேட்பாள், "கொட்டிட்டீங்களா?"

அதனால் குழாயில் ஒரு பாத்திரம் தண்ணீர் பிடித்து, தொட்டியில் கொட்டினேன். நிதானமாக, வடித்தட்டு வைத்து வடிக்கிறவன் கொட்டுகிற மாதிரி. அன்று முதல் தினமும்.

அன்றைக்கு அவள் தட்டைக் கையில் வாங்கி ஒரு வாய் வைத்தாள். நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"இன்னா போட்டீங்க இன்னிக்கு? ருசியா கீதே."

கல்யாணம் ஆகி எங்களுக்குப் பேரன் எடுக்கிற வயது. அவள் வாயிலிருந்து அந்தச் சொல் எனக்கு வந்தது அதுதான் முதல் தடவை. "ஒண்ணும் போடல," என்றேன். "வேகவச்சுக் கொட்டினேன், அவ்ளோதான்." அவள் தட்டை வழித்துத் தின்றாள். இன்னும் கொஞ்சம் இருக்கா என்று கேட்டாள். இருந்தது. போட்டேன்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சக்கையைக் கொடுக்க எனக்கு எப்படி மனம் வரும்? அவளே விரும்பிக் கேட்டாள். நான் கொடுத்தேன். நல்ல சாப்பாட்டை யாரும் யார் வாயிலும் திணிக்கவில்லை.

பத்து நாள் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. ஹஃப்சா நெற்றியைச் சுருக்கினாள்.

"ஐயா, தண்ணிய கொட்டுறீங்கல்ல?"

"கொட்டுறேம்மா."

பச்சையம்மாளே சாட்சி சொன்னாள். "கொட்டுறாரு கண்ணு. நான்தான் தினமும் கேக்கறேனே, சலசலன்னு."

அந்தப் பெண் என்ன செய்வாள்? தப்பு வேறு எங்கோ இருக்கிறது என்று தேடினாள். பச்சையம்மாளுக்கு அப்போது மிச்சமிருந்த ஒரே ஆசை, காலையில் அரைக் கொய்யா. அதை நிறுத்தினாள். அதற்கடுத்த வாரம் மிளகு ரசத்தை நிறுத்தினாள். பச்சையம்மாள் கொய்யாவுக்காகக் குழந்தை மாதிரி அழுதாள். பழி கொய்யாமேல் விழுந்தது, ரசத்தின்மேல் விழுந்தது. நான் குறுக்கே பேசவில்லை. என்னை யாராவது கருத்துக் கேட்டார்களா?

கொய்யாவை இழந்தவளுக்கு ஈடாக ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கி வந்தேன். அதைத் தோலோடு ஆவியில் வைத்து, மசித்து, இது சேப்பங்கிழங்கு மாதிரி ஒரு தினுசு என்று சொல்லிக் கொடுத்தேன். சமையல்காரி, அவளுக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். "எதுவா இருந்தா இன்னா, நல்லா கீது," என்றாள். என்னை நம்பித் தின்றாள் என்று இப்போது மாறன் சொல்வான். நாக்கை அடக்கத் தெரியாமல் தின்றாள் என்று நான் சொல்வேன்.

கடைசி வாரம் அவளுக்குக் கால் கனத்தது. "கால் என்னுது மாதிரியே இல்லீங்க. நெஞ்சு வேற ஒரு மாதிரி வுட்டு வுட்டு அடிக்குது," என்றாள். ஹஃப்சாவின் நம்பர் ஃப்ரிட்ஜ்மேல் ஒட்டியிருந்தது. நெஞ்சு படபடத்தால் ஒரு நிமிஷம் காத்திராமல் கூப்பிடுங்கள் என்று அவளே எழுதி ஒட்டச் சொன்னது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அவள் முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்பாள். ஒரே கேள்விக்கு ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் பதில் சொல்வது. தவிர, அடுப்பில் முருங்கைக்கீரை இருந்தது. கீரையை விட்டுவிட்டு வந்தால் நிறம் போய்விடும்.

கீரையை அவள் ரசித்துச் சாப்பிட்டாள். "இவ்ளோ நாளா இந்தக் கைய எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றாள். மறுநாள் காலை பாத்ரூம் வாசலில் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மூச்சு இருந்தது. கொஞ்ச நேரத்தில் இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொன்னார்கள். ஒரு ஆம்பளை பொண்டாட்டிக்கு இப்படிச் சமைத்துப் போட்டு யார் பார்த்தது என்று. அதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. இத்தோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன்.

இப்போது மறுபடியும் கூடத்துக்கு வருவோம். நான் தினமும் கொட்டினேன் என்று சொன்னதும் மாறன் தொடையைத் தட்டினான்.

"கேட்டுக்கினியா? மாமா மேல ஒரு சொல் சொல்லக் கூடாது. அவருக்கு இன்னா தெரியும், பாவம். மனு எழுதறவரு. நீ சொன்னத செஞ்சாரு. அடுப்பப் பத்த வைக்கறதத் தவிர அவருக்குச் சமையல்ல என்னா தெரியும்?"

விமல்ராஜ் தலையாட்டினான். "அப்பாவுக்குச் சமையல் வராது மாமா. அம்மாவே எப்பவும் சொல்லும்."

அதுவரைக்கும் பொறுத்தேன். ஆனால் திரௌபதி மூக்கைச் சிந்திக்கொண்டு ஹஃப்சாவுக்கு ஆறுதலாக ஒன்று சொன்னாள். "நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத கண்ணு. கடைசியா ஒரு மாசம் அக்கா நாக்குக்கு ருசியா துன்னுட்டுதான் போச்சு. காய் தேனா இனிக்குதுன்னு எங்கிட்ட சொல்லிச்சு. எல்லாம் நீ சொல்லிக் குடுத்த பக்குவம்தான்."

ஹஃப்சா நிமிர்ந்தாள். திரௌபதியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தண்ணீரில் வெளுத்துப்போன காய் தேனாக இனிக்காது என்று அந்தக் கூடத்தில் தெரிந்த ஆட்கள் இரண்டு பேர். அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பெண்டாட்டி செத்த வீட்டில் புருஷன்மேல் பழி போடுகிறாள் என்பார்கள். எழுந்து, எல்லோருக்கும் பொதுவாகத் தலையை அசைத்துவிட்டு வெளியே போனாள். ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அவள்மேல் எனக்குப் பரிதாபம் வந்தது என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். வேலை போகப்போகிற பெண், நியாயமாக வர வேண்டியதுதான். ஆனால் நான் அன்று மத்தியானம் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது அதற்காக இல்லை. நான் செய்த சமையலுக்கு இன்னொருத்தி பேர் வாங்கிக்கொண்டு போகிறாள். அதே சமையலுக்காக அவளை வேலையை விட்டும் தூக்கப்போகிறார்கள். அவள் பக்குவம் என்று திங்கட்கிழமை பதிவாகிவிட்டால் அதை மாற்ற எவனாலும் முடியாது. ஒரு தப்பான விவரம் அரசாங்கத் தாளில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்று என்னைவிடத் தெரிந்தவன் இந்த ஊரில் இல்லை.

ஆஸ்பத்திரித் தலைமை மருத்துவருக்கு எழுதினேன். நகல், காவல் ஆய்வாளருக்கு. மேற்படி பச்சையம்மாளுக்கு ஹஃப்சா என்பவர் சொன்ன உணவு முறையை நான் ஒரு மாதம் மட்டுமே பின்பற்றினேன். அதில் நோயாளி தேறினார். அதன் பிறகு கொடுத்த அனைத்தும் என்னுடைய சொந்த முறை. காயை ஆவியில் வைத்தேன். குழாய்த் தண்ணீரைக் கொட்டினேன். கொட்டுகிற சத்தம் அவளை ஏமாற்றுவதற்காக. இது அவளுக்கு ஆகாது என்று எனக்கு முதல் நாளே சொல்லப்பட்டது, அதை நான் நன்றாகப் புரிந்துகொண்டேன். பொட்டாசியம் ஏறுகிறது என்று சொல்லப்பட்ட பிறகும் தொடர்ந்தேன். கிழங்கும் கீரையும் அதற்குப் பிறகு சேர்த்தவை. அவள் சாவு என் கையால் வந்தது. ஹஃப்சாவுக்கு இதில் பங்கு இல்லை. கடைசி ஒரு மாதம் நோயாளி உணவு ருசியாக இருப்பதாகக் கூறியதிலும் அவருக்குப் பங்கு இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

படித்துப் பார்த்தேன். அடித்தல் திருத்தல் இல்லை. கையெழுத்துப் போட்டேன். அசலையும் நகலையும் தனித்தனிக் கவரில் போட்டு, கோந்து தடவி, ஓரத்தை நகத்தால் அழுத்தினேன்.

தபால் ஆபீசில் கூட்டம் இல்லை. கவுன்டரில் அருணாதேவி. என் மனுக்களை வாங்கி வாங்கி அவளுக்கு என் கையெழுத்து மனப்பாடம். எடை போட்டாள்.

"ரிஜிஸ்டரா? இன்னா சார், யார் மேல மனு?"

"மனு இல்லம்மா," என்றேன். "சமையல் குறிப்பு."

அவள் நம்பவில்லை, சிரித்தாள். பிறகு, நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, "நெஜமாவா? நீங்க சமைப்பீங்களா?" என்றாள். "நல்ல காய்கறி சமையலா இருந்தா எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க சார். எங்க வீட்டுக்காரருக்குச் சுகரு, பிரஷரு. இப்ப கிட்னிலயும் லேசா இருக்குன்னு சொல்றாங்க."

முத்திரையைக் குத்தி, இரண்டு கவரையும் பின்னால் இருந்த பைக்குள் போட்டாள். ரசீதுகளை நீட்டினாள். நான் அவற்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கவுன்டரில் கிடந்த ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, பேனாவைத் திறந்து, அவர் என்ன காய் விரும்பிச் சாப்பிடுவார் என்று கேட்டேன்.